தோலின் நிறமும் உடன்படிக்கையும்: எகிஷேயின் வர்தான் வரலாறு பற்றி ஒரு திறனாய்வு

சென்னைப் பாரிமுனையை அடுத்து அரண்மனைக்காரன் தெரு என மக்கள் வழங்கும் தெரு ஒன்று உண்டு. அப்பெயருக்கும் அரண்மனைக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆர்மேனியன் தெரு என்பதே அதன் பெயர். அயற்சொல் தமிழர் நாவிற் பட்டு, பொருள் விளங்கும் வேறொரு சொல்லாகிவிட்டது. அத்தெருவில் 1772ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற தூய மரியாள் ஆலயம் இன்றும் நிற்கின்றது. அதன் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. முற்றத்தில் கல்லறைப் பலகைகள் பரவிக் கிடக்கின்றன. ஆனால் அவ்வாலயத்தில் வழிபடுவதற்குரிய ஆர்மேனியச் சமுதாயம் சென்னையில் இல்லாது போயிற்று. இவ்வாலயத்தில் குருவாகப் பணிபுரிந்த ஹருத்யூன் ஷ்மாவோனியன் 1794 அக்டோபர் 16 அன்று 'அஸ்தரார்' என்னும் இதழைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். ஆர்மேனிய மொழியில் அதற்கு முன் உலகில் எங்கும் ஓர் இதழ் வெளிவந்ததில்லை.

தாய்நாட்டிற்கு ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருந்த ஒரு சிறு வணிகக் கூட்டம் தன் மொழியின் முதல் இதழை வெளியிட்டது எங்ஙனம்? அக்காலத்தில் ஆர்மேனியருக்கெனத் தனியரசு இல்லை. 1375இல் சிலிசிய அரசு வீழ்ந்தபின் 1918 வரை அவர்கள் பிறர் ஆட்சியின்கீழேயே வாழ்ந்தனர். 1604, 1605ஆம் ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஜுல்பா நகரத்தாரைக் குடிபெயர்த்து இஸ்பஹானில் குடியேற்றினார். அங்கிருந்து புறப்பட்ட வணிகரே சூரத்துக்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தவர்கள். அவர்களுள் ஒருவரான பெத்ருஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின்மீது பாலம் கட்டுவித்தார். பரங்கிமலையில் படிகள் அமைத்தார். அரசும் நிலமும் இழந்த ஒரு மக்களைக் காத்தவை அவர்களுடைய மதமும் பொதுநினைவுமே என்பது இக்கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை. நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் இவ்விடை அடிக்கடி ஒலிக்கின்றது. திருச்சபைக்கு மகிழ்வூட்டும் விடையுமாகும். அது பொய்யன்று. ஆயின் மதம் நினைவைக் காக்கும்போது எதை வைத்துக்கொள்கிறது, எதைத் தள்ளிவிடுகிறது என்னும் வினாவை நாம் கேட்பதில்லை. ஒரு நூலை முன்வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராய விழைகின்றோம். அந்நூல் எகிஷே எழுதிய 'வர்தானும் ஆர்மேனியர் போரும் பற்றிய வரலாறு'.

நூலின் பின்னணியைச் சுருங்கக் கூறுவோம். ஆர்மேனிய மன்னர் திரிதாத்து, ஒளியூட்டுநர் எனப்படும் கிரகோரியின் வழியாகக் கிறிஸ்தவரானது மரபின்படி 301ஆம் ஆண்டில். 314ஐ ஒட்டியதாக இருக்கலாம் என்பார் அறிஞர் பலர். 387இல் நாடு உரோமருக்கும் பாரசீகருக்குமிடையே பிரிக்கப்பட்டது. 405ஐ ஒட்டி மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் ஆர்மேனிய மொழிக்கு 36 எழுத்துக்களை வகுத்தார். அவ்வெழுத்தால் முதலில் மொழிபெயர்க்கப்பட்டது நீதிமொழிகள் என்று அவருடைய மாணவர் கோரியூன் எழுதி வைத்துள்ளார். 428இல் முடியாட்சி முடிவுற்றது. அரசு மறையப்போகும் தறுவாயில் எழுத்து பிறந்ததென்பது நோக்கத்தக்கது. 449இல் பாரசீகப் பேரரசர் இரண்டாம் யஸ்தகெர்து, ஆர்மேனியர் தம் சமயத்தை விட்டுச் சொராஸ்திர சமயத்தைத் தழுவவேண்டும் என்று ஆணையிட்டார். பெருங்குடித் தலைவர்கள் அரசவைக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பணிந்தனர், நாடு திரும்பியபின் கிளர்ந்தெழுந்தனர். 451ஆம் ஆண்டு மே 26 அன்று அவராயர்ச் சமவெளியில் நடந்த போரில் படைத்தலைவர் வர்தான் மாமிகோனியன் வீழ்ந்தார். ஆர்மேனியரில் 1,036 பேரும் பாரசீகரில் 3,544 பேரும் மடிந்தனர் என எகிஷே கணக்குத் தருகிறார். போர் தோல்வியே. ஆயினும் போராட்டம் தொடர்ந்து, 484இல் நிவார்சாக் உடன்பாட்டின்படி சமய உரிமை கிடைத்தது.

எகிஷே இப்போரை நேரிற் கண்டவர் என்பது மரபு. ஆறாம் நூற்றாண்டில் எழுந்த நூலாக இருக்கக்கூடும் என்று சில அறிஞர் கருதுவர். 1982இல் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ராபர்ட் தாம்சன், நூலின் சொற்றொடர்களும் காட்சிகளும் மக்கபேயர் நூல்களை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை எடுத்துக் காட்டினார். அதாவது, ஆர்மேனியர் தம் துயரத்தை நினைவுகூர்வதற்கு வேறொரு மக்களின் துயர நினைவையே அச்சாகக் கொண்டனர். திருமறை ஒரு மக்களுக்குக் கிடைக்கும்போது கோட்பாடுகள் மட்டும் கிடைப்பதில்லை. நினைவுகூரும் முறையும் உடன் கிடைக்கின்றது. அந்தியோக்கு மன்னனின் இடத்தில் யஸ்தகெர்தும், மத்தத்தியாவின் மக்களிடத்தில் மாமிகோனியரும் வந்து நின்றனர்.

நூலின் சிறப்புக்களை முதலில் சொல்லிவிட வேண்டும். எகிஷே எதிரிக்கும் நாக்கு அளித்தவர். பாரசீக முதலமைச்சர் மிஹர்நெர்சே தம் சமயத்தை விளக்கி அனுப்பிய மடலை அவர் விரிவாகத் தருகிறார். அதன்பின்னரே ஆயர்களின் மறுமொழி வருகின்றது. பழம் பாரசீகச் சமயத்தை ஆராய்வோர்க்கு அம்மடல் இன்றும் ஒரு சான்று. (இருநூறு ஆண்டுகள் கழிந்து 651இல் பாரசீகப் பேரரசே வீழ்ந்தது. அன்று துன்புறுத்திய சமயத்தார் பின்னர்த் துன்புறுத்தப்பட்டனர். அவருட் சிலர் குசராத்துக் கரைக்கு வந்து, பார்சிகள் என்னும் பெயருடன் தம் தீயையும் நினைவையும் காத்து வாழ்கின்றனர். எகிஷேக்குத் தெரிய வாய்ப்பில்லாத இச்செய்தியை அறிந்து அவர் நூலைப் படிப்பது நம் காலத்தின் பேறு.) நூலின் இறுதியில் வீரரின் மனைவியரைப் பற்றிய பகுதி இருக்கின்றது. மாண்டவர், சிறைப்பட்டவர் ஆகிய இருதிறத்தார் மனைவியரும் அதில் இடம்பெறுகின்றனர். பஞ்சணையில் துயின்றோர் தரையிற் படுத்தனர். தலைவி யார், பணிப்பெண் யார் என்று பிரித்தறிய இயலவில்லை. பனி பல உருகி, வேனில் பல வந்து, குருவிகள் திரும்பின. திரும்பாதவர் ஆடவர் மட்டுமே என்று அவர் எழுதிச் செல்கிறார். போர்க்களத்தை வருணிக்கும் பக்கங்களைவிட இப்பக்கங்களே நம் உள்ளத்தில் தங்குகின்றன. வென்றவர் யார் என்பதை மறந்துவிட்டுக் காத்திருந்தவர்களை எண்ணும் வரலாற்றாசிரியர் எக்காலத்தும் அரியவர்.

ஆயினும் இந்நூலை ஆர்மேனியர் வாழ்வில் நிலைநிறுத்தியது வேறொரு பகுதி. கிறிஸ்தவத்தை இம்மக்கள் ஆடைபோல் உடுத்திருக்கின்றனர் என எண்ணினான் பகைவன். அது தோலின் நிறம்போல் மாற்றவியலாதது என்பதை இப்போது அறிவான் என்னும் கருத்து வர்தானின் உரையில் வருகின்றது. இவ்வுவமை வழிவழியாக ஓதப்பட்டு, ஆர்மேனியர் தம்மைப்பற்றிக் கூறும் விளக்கமாகவே ஆகிவிட்டது. மதமும் இனமும் பிரிக்கவொண்ணாதவை என்று சொல்ல இதனினும் சுருக்கமான வழி இல்லை. 451ஆம் ஆண்டு கால்சிதோன் சங்கமும் கூடிய ஆண்டு என்பதை நம் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். ஆர்மேனியத் திருச்சபை அங்கே இல்லை; பின்னர் ஆறாம் நூற்றாண்டில் துவின் நகரில் கூடிய சங்கங்கள் கால்சிதோனை ஏற்க மறுத்தன. கிழக்கே பாரசீகர்க்கும் மேற்கே கிரேக்கர்க்கும் நடுவே தனித்து நின்ற அத்திருச்சபைக்குத் 'தோல்' என்னும் உருவகம் எவ்வளவு தேவையாயிருந்தது என்பது விளங்கும். தோல் என்பது எல்லை.

ஆனால் இதே நூலில் மற்றுமொரு சொல் ஓயாது வருகின்றது. அது 'உக்த்' என்னும் ஆர்மேனியச் சொல். உடன்படிக்கை என்பது அதன் பொருள். எழுச்சியில் சேர்ந்தோர் நற்செய்தி நூலின்மீது கைவைத்து ஆணையிட்டனர். அவ்வாணையால் பிணைக்கப்பட்ட கூட்டமே எகிஷே போற்றும் கூட்டம். உடன்படிக்கைக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. தோல் பிறப்பால் வருவது. அதை எவரும் தேர்ந்தெடுத்ததில்லை, எவரும் துறக்கவும் இயலாது. உடன்படிக்கையோ செய்துகொள்வது, மீறத்தக்கது, மீறியபின் புதுப்பிக்கத்தக்கது. எரேமியா புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேச முடிந்தது இதனால்தான். புதிய தோலைப் பற்றி யாரும் பேசியதில்லை. எத்தியோப்பியன் தன் தோலை மாற்றக்கூடுமோ என்னும் வினாவை எரேமியா நம்பிக்கையிழந்த இடத்தில்தான் எழுப்புகிறார். எகிஷேயின் நூல் உடன்படிக்கையின் வரலாறாகத் தொடங்கித் தோலின் புகழ்ச்சியாக நினைவில் நின்றுவிட்டது என்பதே நம் கருத்து.

இக்கருத்தின் உரைகல் நூலுக்குள்ளேயே உள்ளது. அரசவையில் பணிந்தோருள் வர்தானும் ஒருவர். அப்பணிவு போலியானது, நாட்டைக் காக்கச் செய்துகொண்ட சூழ்ச்சி என்று எகிஷே விரைந்து கடந்துவிடுகிறார். ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இதே வரலாற்றை எழுதிய காசார் பார்ப்பெட்சி இவ்விடத்தில் நின்று பேசுகிறார். வர்தான் மறுத்ததும், பிறர் அவரை வற்புறுத்தியதும், அவர் இறுதியில் இணங்கியதும் அவர் நூலில் விரிகின்றன. காசாரின் நடையில் எகிஷேயின் கவிதை இல்லை. ஆனால் முழந்தாள் மடங்கிய ஒரு மனிதனின் வேதனை அங்கே தெரிகின்றது. வீழ்ந்து எழுந்த வர்தானே இறையியலுக்கு வேண்டியவர். எகிஷே அவரை வீழாதவராக்கி நமக்குத் தருகிறார்.

வீழ்ச்சியை யார்மேலேனும் சுமத்த வேண்டுமல்லவா? அதற்கு வஸாக் இருக்கிறான். சியூனிக் நாட்டுத் தலைவனாகிய அவன் ஆணையை மீறிப் பாரசீகருடன் சேர்ந்துகொண்டான். பின்னர் அவ்வரசவையே அவனைக் குற்றவாளியாக்க, சிறையில் மாண்டான். அவனுடைய நோயையும் சாவையும் எகிஷே நுணுகி நுணுகி வருணிக்கும் பக்கங்கள் படிக்கச் சுவையானவையல்ல. அப்பக்கங்களில் ஆசிரியர் குருவாக அன்றி வழக்கறிஞராகவே நிற்கிறார். ஆர்மேனியரிடையே வஸாக் என்பது இன்றும் துரோகியின் பெயர். இவ்வாறாக, பொதுநினைவு இரண்டே ஆசனங்களை இட்டு வைத்தது: ஒன்று மறைசாட்சிக்கு, மற்றொன்று துரோகிக்கு. நடுவில் நின்றவர்க்கு இருக்கையில்லை. இந்நினைவு எத்தனை வலியது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். கடவுளை மறுத்த சோவியத்து ஆட்சியிலேயே, 1943 முதல் 1946 வரை, தெரெனிக் தெமிர்ச்சியன் 'வர்தானன்க்' என்னும் பெரும் புதினத்தை வெளியிட்டார். 1975இல் யெரெவானில் வர்தானுக்கு யெர்வந்த் கோச்சார் வடித்த சிலை எழுந்தது. உடன்படிக்கை போனபின்பும் தோல் இருந்தது எனலாம்.

இனி, தோல் என்னும் உருவகத்தை வரலாற்றில் வைத்துச் சோதிப்போம். உதுமானியப் பேரரசில் ஆர்மேனியர் 'மில்லத்' என்னும் ஏற்பாட்டின்கீழ் வாழ்ந்தனர். ஒவ்வொரு சமயத்தாரும் ஒரு மில்லத். அதன் தலைவர் சமயத் தலைவரே. பிறப்பு, திருமணம், அடக்கம், மரபுரிமை, வரி ஆகியவற்றில் கான்ஸ்டாண்டிநோபிள் பேராயரின் அலுவலகமே அரசின் வாயில். ஒருவர் ஆர்மேனியர் என்பதற்கு ஆலயப் பதிவேடே சான்று. எனவே, மதம் இனத்தைக் காத்தது என்னும்போது, பக்தி மட்டும் காத்ததாக எண்ணுதல் கூடாது, பதிவேடும் காத்தது. இப்பதிவேட்டிலிருந்து ஒருவரை நீக்கினால் என்ன ஆகும் என்பதை நம் மரபினரே கண்டறிந்தனர். அமெரிக்க அருட்பணியாளரின் தொடர்பால் நற்செய்தி விழிப்புணர்வு பெற்ற ஆர்மேனியரைப் பேராயர் மத்தேயோஸ் 1846 சனவரியில் சபைநீக்கம் செய்தார். அது வழிபாட்டிலிருந்து விலக்குவதோடு நிற்கவில்லை. தொழிற்குழுவில் இடமில்லை, கடைக்குப் பிணை நிற்பாரில்லை, இறந்தோர்க்குக் கல்லறையில்லை. அவ்வாண்டு சூலை முதல் நாளில் நாற்பது பேர் கூடித் தனிச்சபை அமைத்தனர். 1850இல் சுல்தான் புரட்டஸ்தாந்து மில்லத்தை முறைப்படி ஏற்றார்.

புரட்டஸ்தாந்தராகிய நாம் இக்கதையை நம் சார்பாகவே படித்து மகிழ்ந்துவிடலாகாது. அந்நாற்பது பேரும் தாம் ஆர்மேனியர் அல்லர் என்று சொல்லவில்லை. ஆயினும் அருட்பணியாளர் எழுதிய அறிக்கைகளில் பழைய திருச்சபை உயிரற்ற சடங்குக்கூடம் என்றே பெரும்பாலும் காட்டப்பட்டது. வர்தானின் திருநாளும், தூய மெஸ்ரோப்பின் திருநாளும், ஆலயத்தில் இறந்தோர் பெயரைச் சொல்லும் வழக்கமும் மூடப்பழக்கம் என ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. சீர்திருத்தம் தேவையாயிருந்தது, அதில் ஐயமில்லை. பேச்சுமொழியில் திருமறையைத் தந்ததும் பள்ளிகள் எழுப்பியதும் பெரும்பணி. ஆனால் நினைவை இழந்து நம்பிக்கையை மட்டும் பெறலாம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து வந்தோர் தம் முன்னோரின் கடற்பயணத்தை ஆண்டுதோறும் நன்றித் திருநாளில் நினைவுகூர்ந்தனரே.

தோல் உருவகம் பொய்க்கும் இடங்கள் இன்னும் உள. அனத்தோலியாவில் ஆர்மேனியர் பலர் தாய்மொழியை இழந்து துருக்கி மொழியே பேசினர். ஆனால் அத்துருக்கி மொழியை ஆர்மேனிய எழுத்திலேயே எழுதினர். 1851இல் வர்தான் பாஷா எழுதி வெளியிட்ட 'அகாபி' என்னும் புதினம் துருக்கி மொழியில் ஆர்மேனிய எழுத்தில் அச்சானது. துருக்கி மொழியின் முதல் புதினம் அதுவே என்பாரும் உளர். அருட்பணியாளர் வில்லியம் கூடெல் திருமறையை இவ்வாறே மொழிபெயர்த்தார். மொழி போயிற்று, எழுத்தும் நம்பிக்கையும் நின்றன. இதற்கு நேர்மாறாகக் கருங்கடற் கரையிலுள்ள ஹெம்ஷின் மக்கள் சில நூற்றாண்டுகட்கு முன் இஸ்லாத்தைத் தழுவினர். அவருள் ஒரு சாரார் இன்றும் ஆர்மேனியக் கிளைமொழி பேசுகின்றனர். மற்றொரு சாரார் மொழியை இழந்தும், மலைமேய்ச்சல் நிலங்களில் 'வர்தவர்' என்னும் விழாவின் பெயரை விடவில்லை. ஆர்மேனியத் திருச்சபையில் அது ஆண்டவர் மறுரூபமான திருநாளின் பெயர். நம்பிக்கை போயிற்று, பெயரும் கூத்தும் நின்றன. தோல் என்பது உண்மையாயின் இவர்களுள் எவரும் இருந்திருக்க முடியாது.

நினைவின் காவலர் யார் என்னும் போட்டியும் உண்டு. இது சென்னையிலேயே நடந்தது. ஷ்மாவோனியனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்பே ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் வணிகர் சென்னையில் அச்சகம் நிறுவினார். மோவ்சேஸ் பக்ராமியன் என்பாருடன் சேர்ந்து, தாயகத்தின் பழம்பெருமையையும் வீழ்ச்சியின் காரணங்களையும் இளைஞர்க்கு எடுத்துரைத்து விடுதலைக்குத் தூண்டும் அறிவுரை நூலொன்றை 1770களில் வெளியிட்டார். அதன்பின் வருங்கால ஆர்மேனியாவுக்கு ஓர் அரசியலமைப்பையே வரைந்து அச்சிட்டார். எச்மியாத்சினில் இருந்த தலைமைக்குரு சிமியோன் அவ்வறிவுரை நூலைத் தீக்கிரையாக்கும்படி ஆணையிட்டார். அவர் பாரசீகத் தலைவன் ஒருவனின் ஆட்சியின்கீழ் வாழ்ந்தவர். அந்நூலால் தம் மந்தைக்கு வரக்கூடிய தீங்கை எண்ணியிருப்பார். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் வர்தானின் நினைவை ஆண்டுதோறும் வழிபாட்டில் போற்றிய திருச்சபைக்கு, அந்நினைவைப் பொதுமக்கள் கையில் எடுத்தபோது அச்சம் பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1915க்கு வருவோம். ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மேனிய அறிஞரும் தலைவர்களும் கைதுசெய்யப்பட்டனர். ஊரூராக நாட்டுப் பாடல்களைத் திரட்டிய துறவியாகிய கொமித்தாஸ் அவர்களுள் ஒருவர். உயிர்பிழைத்தார், உள்ளம் சிதைந்து 1935இல் பாரிசில் இறந்தார். மக்கள் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். மாண்டோர் தொகை பத்து இலட்சத்திற்கும் மேல் என்பர் ஆய்வாளர் பலர். நற்செய்தித் திருச்சபையாரை விட்டுவிடும்படி ஆணைகள் பின்னர் அனுப்பப்பட்டன. பல இடங்களில் அவை காலந்தாழ்ந்தன, அல்லது மதிக்கப்படவில்லை. 1846இல் இனத்திற்குப் புறம்பானோர் எனத் தள்ளப்பட்டவர்களின் பேரர்கள் இனத்தோடு சேர்ந்தே மடிந்தனர்.

நூறாண்டு கழித்து, 2015 ஏப்ரல் 23 அன்று, எச்மியாத்சினில் ஆர்மேனியத் திருச்சபை இப்படுகொலையில் மாண்டோர் அனைவரையும் தூயவராக அறிவித்தது. தனித்தனியே பெயர் சொல்லாது, ஒரு மக்கள் திரளையே தூயவராக்கிய செயல் கிறிஸ்தவ வரலாற்றில் அரிது. அதுமுதல் அவர்களுக்காக இறந்தோர் மன்றாட்டு இல்லை. அவர்களிடம் வேண்டுதல் செய்வதே முறை. இச்செயலின் ஆறுதலை அயலாராகிய நாம் எடைபோடத் துணியோம். எனினும் இறையியல் வினா நிற்கின்றது. எகிஷேயின் மறைசாட்சிகள் மறுதலிக்கும்படி கேட்கப்பட்டு மறுத்தவர்கள். 1915இல் பெரும்பாலோர் எதுவும் கேட்கப்படாமலே கொல்லப்பட்டனர். தோலின் காரணமாக மாண்டவரை உடன்படிக்கையின் சாட்சிகள் என்று அழைப்பதால், எகிஷேயின் இரு உருவகங்களும் ஒன்றாகிவிட்டன. அதே 2015இல் திருத்தப்பெற்ற ஆர்மேனிய அரசியலமைப்பு, தேசியப் பண்பாட்டை வளர்ப்பதிலும் தேசியத் தனித்தன்மையைக் காப்பதிலும் ஆர்மேனியத் திருச்சபைக்குத் தனிப் பணி உண்டு என்று ஏற்கின்றது. திருச்சபை இதனைச் செய்ததென்பது வரலாறு. இதுவே அதன் பணி என்பது வேறு. 2023 செப்டம்பரில் மலைக் கராபாக்கிலிருந்து ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆர்மேனியர் சில நாட்களில் வெளியேறிய பின்னர், பாதுகாப்பைத் தேடும் மக்களிடம் இவ்வேறுபாட்டைச் சொல்வது கடினம். ஆனால் சொல்லாமலிருப்பதற்கு இறையியல் தேவையில்லை.

திருமறையின் நினைவு எத்தகையது? முதற்பலனைக் கொண்டுவரும் இஸ்ரவேலன் ஆசாரியன் முன் சொல்லவேண்டிய அறிக்கையை உபாகமம் 26ஆம் அதிகாரம் தருகின்றது. அது வீரனிடத்தில் தொடங்கவில்லை. நாடோடியாய் அலைந்த ஒரு மூதாதையிடத்தில் தொடங்குகின்றது. அடிமைத்தனத்தை நினை என்னும் கட்டளை அந்நியனுக்கும் விதவைக்கும் இரங்கு என்பதில் முடிகின்றது. நற்செய்தியாளர் நால்வரும் பேதுரு மறுதலித்ததை எழுதி வைத்தனர். தன் முதல் அப்போஸ்தலனின் வீழ்ச்சியை வழிபாட்டில் ஆண்டுதோறும் படிக்கும் சமுதாயம், வீழ்ந்தோர்க்கு இருக்கையில்லாத நினைவை எவ்வாறு தன்னுடையதாகக் கொள்ளும்? மூன்றாம் நூற்றாண்டில் தேசியஸ் காலத் துன்புறுத்தலில் பலியிட்டுப் பின் திரும்பிவந்தோரைப் பற்றிக் கார்த்தேஜில் சிப்பிரியானும் ஆயர்களும் 251இல் எடுத்த முடிவு, தவத்தின்பின் ஏற்பதென்பதே. அதனை ஏற்காதவர் தூய்மையான சபை ஒன்றைத் தொடங்கினர். அச்சபை சில நூற்றாண்டுகள் வரை நிலைத்திருந்தது.

நம் திருச்சபைகளின் நூற்றாண்டு மலர்களை இக்கண்ணோடு புரட்டிப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். அருட்பணியாளர் படங்கள், நன்கொடையாளர் பட்டியல், ஊரில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர் பெயர் ஆகியவை இருக்கும். பின்வாங்கிப்போனோர் என நாம் ஒரே சொல்லால் கடந்துவிடுவோரின் பெயர் இராது. அவர் ஏன் போயினர் என்பதும் இராது. அச்சமா, பசியா, மணவுறவா, சபையில் சாதியின் பெயரால் கிடைத்த அவமதிப்பா? நம் நாட்டில் நம்பிக்கையைப் பிறப்பாக்கிவிடுவது எளிது. பிறப்பை வைத்தே எல்லாம் அளக்கப்படும் மண் இது. தோல் என்னும் உவமையைக் கேட்டுக் கைதட்டுமுன் நாம் ஒருமுறை தயங்கவேண்டிய காரணம் அதுவே.

எகிஷேயின் நூலோடு சேர்த்துப் படிக்கவேண்டிய சிறு நூல் ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். துருக்கிய வழக்கறிஞர் ஃபெத்தியே செத்தின் 2004இல் வெளியிட்ட 'என் பாட்டி' என்னும் நினைவு நூல் அது. இஸ்லாமியக் குடும்பத்தின் மூதாட்டியாக வாழ்ந்த தம் பாட்டி, தாம் 1915இல் நெடுநடையினின்று எடுத்து வளர்க்கப்பட்ட ஆர்மேனியச் சிறுமி என்பதை முதுமையில் பேர்த்தியிடம் சொல்கிறார். ஆண்டில் ஒரு நாள் சில மூதாட்டிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செல்வதும், பின்னிச் சுட்ட இனிப்பு ரொட்டி பரிமாறப்படுவதும் பேர்த்திக்குத் தெரியும். அது உயிர்த்தெழுதல் திருநாள் என்பது பின்னரே தெரிந்தது. திருவிருந்து இல்லை, குரு இல்லை, பதிவேடு இல்லை. ரொட்டி மட்டும் இருந்தது. எகிஷேயின் கணக்கில் இம்மூதாட்டிகள் மறைசாட்சிகளும் அல்லர். வஸாக்கின் பக்கம் நிற்பவர்களும் அல்லர். எனினும் அவர் நூலின் இறுதியில் குருவிகள் திரும்புவதைப் பார்த்திருந்த பெண்களோடு இவர்களைச் சேர்க்க நமக்குத் தடையில்லை.

பாட்டி இறந்தபின் பள்ளிவாசல் முற்றத்தில் அடக்கச் சடங்கு நடைபெறுகின்றது. இறந்தவரின் தாய் தந்தையர் பெயர் கேட்கப்படுகின்றது. உறவினர் இரண்டு இஸ்லாமியப் பெயர்களைச் சொல்கின்றனர். கூட்டத்தில் நின்ற பேர்த்தி அடக்கமாட்டாமல், அவை உண்மையல்ல என்று உரக்கக் கூறி, அவர்களுடைய ஆர்மேனியப் பெயர்களை எல்லோரும் கேட்கச் சொல்கிறார்.